குரும்பலூரில் ஒரு புது ஹால்

தன் வீட்டு ஹாலைப் போல் கேவலமான ஹால் பெரம்பலூர் ஜில்லாவிலேயே கிடையாது என்று அம்பிகா கண்டுபிடித்தது ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு. அதற்கு முந்தின நிமிஷம் வரை அது நல்ல ஹாலாகத்தான் இருந்தது. அங்கே உட்கார்ந்துதான் முப்பது வருஷத்துக்கு மேல் அவள் சீரியல் பார்த்தாள், புளி உடைத்தாள், பங்காளி வீட்டுச் சண்டைகளுக்குத் தீர்ப்புச் சொன்னாள். தரகர் வைத்திலிங்கம் போன் செய்து, "விக்கிரமங்கலத்துக்காரங்க வர்ற ஞாயித்துக்கு அடுத்த ஞாயிறு வூடு பார்க்க வராங்கம்மா" என்று சொன்னதுதான் தாமதம், ஹால் அசிங்கமாகிவிட்டது.

அவள் மகன் கலைச்செல்வனுக்கு முப்பத்து நான்கு வயது. அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் ஸ்டோர் கீப்பர். குடியில்லை, சீட்டில்லை, சொல்லப்போனால் பேச்சும் அதிகமில்லை. ஏழு வருஷமாகப் பெண் தேடி, பதினோரு இடம் தட்டிப்போயிருந்தது. ஒரு வீட்டில் கவர்மெண்ட் வேலை கேட்டார்கள். இன்னொரு வீட்டில் டவுனில் சொந்த வீடு கேட்டார்கள். ஒரு பெண், மாமியாருக்கு எத்தனை வயசு என்று விசாரித்துவிட்டு, அது ரொம்பக் குறைச்சல் என்று போனை வைத்துவிட்டாள்.

இப்போது வந்திருப்பது பன்னிரண்டாவது. விக்கிரமங்கலம் சிங்காரவேலுவின் மகள் மலர்க்கொடி, நர்சிங் படித்தவள். ஜாதகம் பொருந்திவிட்டது. பெண்ணும் பையனும் போனில் பேச ஆரம்பித்து மூன்று வாரம். வீட்டில் 'உம்' கொட்டுவதற்கே கூலி கேட்பவனைப் போல் இருந்த கலைச்செல்வன், கொல்லையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு தென்னைமட்டையை எட்டி எட்டி உதைத்தபடி அரை மணி நேரம் சிரித்தான். சமையல்கட்டு ஜன்னலில் நின்று அம்பிகா அதைப் பார்த்தாள். இந்த இடமும் போனால் இவன் இனிமேல் சிரிக்கவே மாட்டான் என்று அவளுக்குத் தோன்றியது.

மாப்பிள்ளை வீடு பார்க்க வருவது என்பது அந்தப் பக்கத்தில் சும்மா வந்து போகிற சமாசாரம் இல்லை. பெண் வீட்டார் ஒற்றைப்படையில் வருவார்கள். ஹாலில் உட்காருவார்கள். கிணறு, கொல்லை, கக்கூஸ் வரைக்கும் கண்ணால் அளந்துவிட்டு, திருப்தி என்றால் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அதற்குக் கை நனைப்பது என்று பேர். கை நனைத்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்தது. பிடிக்கவில்லை என்றால் ஒரு வாய் தண்ணீரோடு எழுந்துவிடுவார்கள். நீ எத்தனை வடை சுட்டு வைத்திருந்தாலும் நாய்க்குத்தான்.

ஆகவே அம்பிகா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு ஹாலைப் பார்த்தாள். சுவரெல்லாம் பச்சை டிஸ்டெம்பர். கலைச்செல்வன் பிளஸ் டூ எழுதிய வருஷம் அடித்தது; அவனுக்கு முன்நெற்றி ஏறிய பிறகும் மாற்றவில்லை. மூலையில் கண்ணாடி ஷோகேஸ். அதற்குள் ஒரு சங்கு, தலையாட்டும் செட்டியார் பொம்மை (செட்டியாரம்மா எப்போதோ உடைந்துபோய்விட்டாள்), அப்புறம் எறையூர் சர்க்கரை ஆலை விளையாட்டு விழாவில் மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டிக்காக அவள் புருஷன் குருமூர்த்தி வாங்கிய எவர்சில்வர் கப். இரண்டாம் பரிசு. மெதுவாகப் போவதில்கூட இந்த மனுஷன் முதலில் வரவில்லையே என்று அம்பிகாவுக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஒயர் பின்னிய நாற்காலிகள் இரண்டு, ஒன்றில் ஓட்டை. உரக்கடை காலண்டர்கள் மூன்று, இரண்டு போன வருஷத்தவை.

"இதுல கொண்டாந்து ஒரு நர்சை உட்கார வைக்க முடியுமா?" என்று அவள் குருமூர்த்தியைக் கேட்டாள்.

சர்க்கரை ஆலையின் டைம் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டையர் ஆனவர் குருமூர்த்தி. பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவங்க மாப்பிள்ளையைப் பார்க்க வராங்களா, செவுத்தைப் பார்க்க வராங்களா?"

"மாப்பிள்ளையைத்தான் பதினோரு பேரு பார்த்துட்டாங்களே. இனிமே செவுத்தைக் காட்டித்தான் கட்டி வைக்கணும்."

"இருவதாயிரம் தரேன். அதுக்கு மேல ஒத்த ரூவா கேக்கப்படாது" என்று பேப்பரைத் திருப்பினார்.

யோசனைக்குப் பஞ்சமில்லை. போனில் அவள் பார்க்கிற வீடியோவில் ஒரு பெண் இருந்தாள். குறைந்த செலவில் பழைய ஹாலைப் புதுசாக்குவது எப்படி என்று சிரித்துக்கொண்டே சொல்லித்தருபவள். "உங்க சின்ன ஹாலை" என்று அவள் காட்டிய ஹால், குரும்பலூர் ரேஷன் கடையையும் அதன் கியூவையும் சேர்த்து உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். அதெல்லாம் அம்பிகாவின் கண்ணில் படவில்லை. பழையதை எல்லாம் வெளியே போடுங்கள், நாலு சுவருக்கும் அடிக்காதீர்கள், ஒரே ஒரு சுவருக்கு மட்டும் அடர்த்தியான கலர் அடியுங்கள், கொஞ்சம் பசுமை சேருங்கள், பழைய படங்களை எடுத்துவிட்டு ஒரே ஒரு நல்ல படம் மாட்டுங்கள். அந்தப் பெண் சொன்னது இவ்வளவுதான். அம்பிகா அதை ஆறு தடவை பார்த்தாள். ஏழாவது தடவை, அந்தப் பெண் சொல்வதற்கு முன்பே இவள் சொன்னாள்.

பெயிண்டர் சின்னதுரை வந்து டி.வி. இருக்கும் சுவரைப் பார்த்தான். அப்புறம் மற்ற மூன்று சுவர்களையும் பார்த்தான்.

"ஒத்தைச் செவுரு மட்டுமாக்கா?"

"ஆமா. மயில் கழுத்து நீலம்."

"மத்த மூணு?"

"அது அப்படியே இருக்கட்டும். அதுதான் இப்ப ஸ்டைலு."

"பெயிண்ட் பத்தாமப் பாதியில வுட்டுட்டாங்கன்னு நெனைப்பாங்கக்கா."

"நெனைக்கிறவங்க பட்டிக்காட்டுக்காரங்களா இருப்பாங்க. நீ அடி."

சின்னதுரை அடித்தான். தன் இருபது வருஷத் தொழிலில் ஒரு வீட்டை முடிக்காமல் கூலி வாங்கிக்கொண்டு போவது இதுதான் முதல் தடவை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனான். நீலம் நன்றாகத்தான் ஏறியிருந்தது. ஆனால் பக்கத்தில் பழைய பச்சை நின்றதால், ஹாலுக்குள் ஒரு பக்கம் மட்டும் மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது போலிருந்தது.

அடுத்தது பசுமை. பெரம்பலூரில் போய் பிளாஸ்டிக் புல் விரிப்பு ஒன்று வாங்கி வந்து சிவப்புத் தரையின் நடுவில் விரித்தாள். எதிர்வீட்டுப் பாப்பாயி வாசலில் நின்றே எட்டிப் பார்த்தாள். "கதவைச் சாத்தி வையி அம்பிகா. எங்க வூட்டு ஆடு உள்ள வந்துடப் போவுது" என்றாள். வயிற்றெரிச்சல், வேறென்ன என்று அம்பிகா அவள் முகத்துக்கு நேராகவே கதவைச் சாத்தினாள். பழைய சோபா ஒன்றும் வந்து இறங்கியது. மூன்று பேர் உட்காரலாம். நடுவில் உட்காருபவர் மட்டும் உள்ளே இறங்கிவிடுவார். அதன்மேல் பூப்போட்ட உறை போட்டு, நடுவில் இரண்டு திண்டு வைத்து மறைத்தாள். திண்டை எடுத்துவிட்டு யாரும் உட்கார மாட்டார்கள் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

வியாழக்கிழமை பழைய சாமான் வாங்குகிறவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். வீட்டில் அவள் மட்டும்தான் இருந்தாள். ஷோகேஸ் போனது. ஒயர் நாற்காலிகள் போயின. செட்டியார் தலையை ஆட்டிக்கொண்டே போனார். மாமனார், மாமியார் படங்களைத் தொட அவளுக்குத் தைரியம் வரவில்லை. செத்தவர்கள் விஷயத்தில் ஸ்டைல் பார்க்க முடியாது. அவற்றைச் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் ஒதுக்கி வைத்தாள்.

மிச்சம் இருந்தது ஒரு படம். வாசல் கதவுக்கு நேர் எதிரே, உள்ளே நுழைகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் மாட்டியிருந்தது. அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அந்த இடத்தில்தான் அந்தப் படம் இருக்கும், ஏறக்குறைய அதே அளவில்தான் இருக்கும்: வீட்டுக்காரரும் வீட்டுக்காரியும் சேர்ந்து நிற்கிற கல்யாணப் போட்டோ. அம்பிகாவின் கல்யாணத்துக்கு ஆல்பமெல்லாம் கிடையாது. மூன்றாம் நாள் பெரம்பலூரில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்த இந்த ஒரு படம்தான்.

அம்பிகாவுக்கு அந்தப் படம் எப்போதும் பிடித்ததில்லை. பின்னால் திரைச்சீலையில் வரைந்த நீர்வீழ்ச்சி. குருமூர்த்தி யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு, கழுத்துப் பட்டியில் பாதி முகத்தைத் தொலைத்துவிட்டு நிற்பார். பக்கத்தில் இருபது வயதுப் பெண் ஒருத்தி. கன்னத்து எலும்பு துருத்திக்கொண்டு, கறுத்த முகத்தில் பவுடர் திட்டுத்திட்டாக, நகை இல்லாத கழுத்தைப் பூமாலையால் மறைத்துக்கொண்டு, யாரோ அதட்டி நிறுத்தியது போல் விறைத்து நிற்பாள். பிச்சைக்காரி மாதிரி என்று அம்பிகா மனதுக்குள் அவளைத் திட்டாத நாளில்லை. நர்சிங் படித்த மருமகள் உள்ளே வந்து முதலில் இவளையா பார்ப்பது?

"அந்தக் கண்ணாடிப் படமும் உண்டாம்மா? சட்டம் தேக்கு மாதிரி இருக்கு" என்றான் வண்டிக்காரன்.

அரை நிமிஷம் யோசித்தாள். அரை நிமிஷத்துக்கு மேல் இல்லை. "எடுத்துட்டுப் போ" என்றாள்.

சாயங்காலம் குருமூர்த்தி வந்து வெறுஞ்சுவரைப் பார்த்தார். "நம்ம படம் எங்க?"

"பரண்மேல துணி சுத்தி வச்சிருக்கேன். கல்யாணம் முடிஞ்சு மாட்டிக்கலாம்."

"பத்திரமா வச்சியா? ஒரு ஓரத்துல ஏற்கனவே பூஞ்சை புடிச்சிருக்கு."

"வச்சிருக்கேன்னு சொல்றேன்ல."

படம் இருந்த இடத்தில் ஒரு கட்டம் தெரிந்தது. சுற்றிலும் பச்சை அழுக்கேறிப் பாசி நிறத்துக்குப் போயிருக்க, கட்டத்துக்குள் மட்டும் நேற்று அடித்தது போல் பளபளவென்று பச்சை. தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. போகாது, அழுக்குப் பிடித்தது மற்ற இடம்தான். சின்னதுரையைக் கூப்பிட்டால் மூன்று சுவருக்கும் கூலி கேட்பான். இருபதாயிரத்தில் மிச்சம் இருந்ததற்கு ஓடுகிற ஏழு வெள்ளைக் குதிரைகள் படம் கிடைத்தது. யோகம் வரும் என்று கடைக்காரன் சொன்னான். மாட்டிய பிறகுதான் தெரிந்தது, குதிரைப் படம் பழைய படத்தைவிட நாலு பக்கமும் நாலு விரல் சின்னது. குதிரைகளைச் சுற்றி ஒரு பளிச்சென்ற பச்சை ஓரம் நின்றது. அம்பிகா கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். அதுவும் ஒரு சட்டம் மாதிரி அழகாகத்தான் இருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். இருபதாயிரம் செலவு செய்தவள் வேறு எப்படிச் சொல்வாள்?

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு விக்கிரமங்கலத்துக்காரர்கள் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். பெண்ணின் அப்பா சிங்காரவேலு, அவர் மனைவி, பங்காளிகள் இரண்டு பேர், அப்புறம் சிங்காரவேலுவின் அக்கா பச்சையம்மாள். தரகர் வைத்திலிங்கம் எல்லாருக்கும் முன்னால் உள்ளே நுழைந்து, இந்த ஹாலைக் கட்டியதே தான்தான் என்பது போல் கையை விரித்துக் காட்டினார்.

சிங்காரவேலு நல்ல கனமான ஆள். வந்ததும் திண்டுகளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு சோபாவின் நடுவில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் இறங்கினார். முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. மரியாதைப்பட்ட மனிதர், ஒன்றும் சொல்லாமல் அப்படியே இருந்து கலைச்செல்வனிடம் வேலை, ஷிப்டு எல்லாம் விசாரித்தார். கலைச்செல்வன் நின்றுகொண்டே பதில் சொன்னான். நன்றாகவே சொன்னான். மலர்க்கொடி தன்னிடம் சொல்லியிருந்த எதையோ அவன் எடுத்துச் சொல்ல, பெண்ணின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பங்காளிகள் கிணற்றைப் பார்த்துவிட்டு வந்து தலையை ஆட்டினார்கள். கொல்லையிலிருந்து அறுத்து வந்த இலைகளைப் பாப்பாயி துடைத்துக்கொண்டிருந்தாள். ஆட்டைப் பற்றிப் பேசியவளாக இருந்தாலும் கூப்பிட்ட வேலைக்கு வந்திருந்தாள். அம்பிகாவுக்கு உடம்பெல்லாம் பூரித்தது. எல்லாம் அந்த நீலச் சுவர் செய்த வேலை என்று நினைத்தாள்.

"இலை போடலாமா?" என்று வைத்திலிங்கம் கேட்டார். சிங்காரவேலு அக்காவைப் பார்த்தார்.

பச்சையம்மாள் உட்காரவே இல்லை. அறுபத்தைந்து வயது இருக்கும். நீலச் சுவரை ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். புல் விரிப்பைச் சுற்றிக்கொண்டு நடந்தாள், மிதிக்கவில்லை. கடைசியில் குதிரைகளுக்கு முன்னால் போய் நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள்.

"ஏம்மா, இந்தக் குதிரைக்கு முன்னாடி இங்க என்ன மாட்டியிருந்துச்சு?"

"அங்கயா? கடியாரம்க்கா" என்றாள் அம்பிகா.

"சாமி படம்" என்றான் கலைச்செல்வன், அம்மாவுக்கு உதவுகிற நினைப்பில், அதே நேரத்தில்.

"எங்க கல்யாணப் போட்டோ" என்றார் குருமூர்த்தி, கேட்டதற்கு உண்மையைச் சொல்லும் பழைய குமாஸ்தா வழக்கத்தில்.

மூன்று பதிலும் ஹாலில் நின்றன. பச்சையம்மாள் மூன்று பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"மூணு பேருக்கு மூணு ஞாபகமா?" என்றாள். பிறகு தம்பியைப் பார்த்துத் திரும்பினாள். "சிங்காரவேலு, நம்ம பெரியவன் மவளைக் குடுத்த எடத்துல என்ன நடந்துச்சு? கல்யாணம் ஆயி நாலு மாசம் கழிச்சு மொத பொண்டாட்டி புள்ளையைத் தூக்கிக்கிட்டு வந்து நின்னா. அந்த வூட்டுலயும் வாசலுக்கு நேரா செவுத்துல மொதக் கல்யாணப் படத்தைக் கழட்டுன கட்டம் இதே மாதிரிதான் தெரிஞ்சுச்சு. நாமதான் கேக்காம வந்துட்டோம். இந்தத் தடவை நான் கேக்காமப் போவ மாட்டேன். முப்பத்தி நாலு வயசு வரைக்கும் ஒரு ஆம்பளை சும்மாவா இருந்தான்?"

சிங்காரவேலு சோபாவிலிருந்து எழ முயன்றார். முதல் தடவை முடியவில்லை. பங்காளி கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

"ஐயோ அக்கா, அப்படியெல்லாம் இல்லைங்க" என்று வைத்திலிங்கம் பதறினார். "பையனை நான் சிறு புள்ளையிலேருந்து பார்க்கறேன். அது இவங்க படந்தான். பழசுன்னு எடுத்து வச்சிருப்பாங்க."

"அப்பச் சரி. எடுத்தாந்து காட்டச் சொல்லு. பார்த்துட்டு எல போட்டுச் சாப்புடுவோம்."

இதைவிட நியாயமாக ஒருத்தி பேச முடியாது. குருமூர்த்திக்கு முகம் மலர்ந்தது. "அதுக்கென்ன, பரண்மேலதான் இருக்கு" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். அறுபத்து மூன்று வயது மனுஷர் பரண் மேலே தலையை நுழைத்துக்கொண்டு, பித்தளை அண்டாவை நகர்த்தி, சாக்கை நகர்த்தி, "எந்தத் துணில சுத்துன? வெள்ளையா, கலரா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

அம்பிகா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் போயிற்று என்று தெரியும். திறக்காவிட்டாலும் போயிற்று. கொல்லையில் போனை வைத்துக்கொண்டு சிரித்த மகன் இப்போது அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எறங்குங்க" என்றாள்.

"இரு, இந்த மூட்டைக்குப் பின்னால…"

"எறங்குங்க. அங்க இல்ல." பச்சையம்மாளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "அக்கா, எம் புள்ள தலையில அடிச்சுச் சத்தியம் பண்றேன். அது எங்க படந்தான். இவரும் நானும் நின்ன படம். ஹாலுக்கு நல்லா இல்லைன்னு போன வியாழக்கெழமை பழைய சாமான் வண்டிக்காரன்கிட்டப் போட்டுட்டேன். இவருக்குக்கூடத் தெரியாது. வேற ஒண்ணும் இல்லக்கா. எம் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது."

பரணுக்குள்ளிருந்து குருமூர்த்தியின் தலை வெளியே வந்தது. ஒட்டடை நரைமுடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் ஸ்டூலின் மேலேயே நின்றார்.

பச்சையம்மாள் அம்பிகாவின் முகத்தை நன்றாகப் பார்த்தாள். பிறகு ஸ்டூல்மேல் நிற்கிறவரைப் பார்த்தாள்.

"நெசந்தான் சொல்றா" என்றாள் தம்பியிடம். "இப்படி ஒரு பொய்யை யாரும் கட்ட மாட்டாங்க. பையன் மேல தப்பு இல்ல. நம்பறேன்."

அம்பிகாவுக்கு உயிர் திரும்பி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, "பாப்பாயி, இலையைப் போடு" என்று கூவினாள்.

"இலை வேணாம்மா" என்றாள் பச்சையம்மாள். "சிங்காரவேலு, வா போவலாம்."

அம்பிகாவுக்குப் புரியவில்லை. வாசல்வரை அவர்கள் பின்னாலேயே ஓடினாள். புல் விரிப்பு காலில் மாட்டி இழுபட்டுக்கொண்டு வந்தது. "நம்பறேன்னு சொன்னீங்களேக்கா! பையன் மேல தப்பு இல்லைன்னீங்களே!"

பச்சையம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டே நிதானமாகச் சொன்னாள். "நம்பலைன்னா இன்னும் நாலு பேருகிட்ட விசாரிச்சிருப்பேன். நம்புனதாலதான் போறேன். புருசனும் நீயும் நின்ன படத்தையே, பழசாச்சு, நல்லா இல்லைன்னு வண்டியில தூக்கிப் போட்டிருக்க. எங்க புள்ளையும் ஒண்ணும் பெரிய அழகி இல்ல. அவளுக்கும் வயசாவும்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் அம்பிகா பதிலுக்குக் கத்தியிருப்பாள். தெருச் சண்டையில் அவளுக்குப் பழக்கம் உண்டு. பச்சையம்மாள் கோபப்படவே இல்லை. சந்தையில் கத்திரிக்காயைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று நகர்கிறவளைப் போல் வேனில் ஏறிக்கொண்டாள். பெண்ணின் அம்மா மட்டும் ஜன்னல் வழியாகக் கலைச்செல்வனை ஒரு தடவை பார்த்தாள். வேன் கிளம்பிவிட்டது. தரகருக்கு உடனே இன்னொரு வேலை ஞாபகம் வந்து, அவரும் சைக்கிளை எடுத்தார்.

ஹாலுக்குள் மூன்று பேரும் மூன்று பக்கம் இருந்தார்கள். கலைச்செல்வன் போனை எடுத்துப் பார்த்தான். எதுவும் வரவில்லை. அவனே கூப்பிட்டுப் பார்த்தான். மணி அடித்துக்கொண்டே இருந்து நின்றுபோனது. அவன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டான்.

குருமூர்த்தி ஸ்டூலிலிருந்து இறங்கி, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவர் கத்துவார் என்று அம்பிகா காத்திருந்தாள். கத்தினால் தேவலை என்று இருந்தது.

"என்ன குடுத்தான்?" என்று கேட்டார்.

"யாரு?"

"வண்டிக்காரன். படத்துக்கு."

"எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டு."

"பெருசா, சின்னதா?"

வாசல்வரை இழுபட்டுப் போயிருந்த புல் விரிப்பை அம்பிகா காலால் உள்ளே தள்ளினாள்.

"அந்தச் சட்டை எங்க சித்தப்பா மவனோடது" என்றார் குருமூர்த்தி. அவளிடம் சொல்வது போல் இல்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார். "பெரிய சட்டை, கழுத்துல நிக்கல. 'பட்டியைச் சரி பண்ணிக்குங்க, மூஞ்சி தெரியல'ன்னு நீ சொன்ன. கல்யாணம் ஆயி மூணு நாள்ல எங்கிட்ட நீ வாயைத் தொறந்து பேசுன மொதப் பேச்சு அதுதான். போட்டோக்காரன் ஆடாத, அசையாதன்னு உன்னை ஒரு அதட்டு அதட்டுனான். நீ பயந்து வெறைச்சுட்ட." தலையில் ஒட்டியிருந்த ஒட்டடையைத் தட்டிவிட்டார். "நல்லாத்தான் இருந்த."

அவர் எழுந்து கொல்லைக்கு, மகன் இருந்த பக்கம் போனார்.

அம்பிகா தனியாக நின்றாள். படத்தில் நின்ற அந்தப் பெண்ணின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். பவுடர் திட்டு ஞாபகம் வந்தது, மாலை ஞாபகம் வந்தது, முகம் மட்டும் சரியாக வரவில்லை. முப்பத்தாறு வருஷமாக நாள் தவறாமல் திட்டியவளுக்கு அதைச் சரியாகப் பார்க்க நேரம் இருந்ததில்லை. இனிமேல் பார்க்கவும் முடியாது. அந்தப் பெண் பாவம், அவள் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை என்று திடீரென்று தோன்றியது. அம்பிகா புல் விரிப்பின் மேல் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

சத்தம் கேட்டுத் தெருவே வாசலில் கூடிவிட்டது. நல்ல சம்பந்தம் கை நழுவிப் போனால் பெற்றவள் அழமாட்டாளா என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பாப்பாயி உள்ளே வந்து தோளைத் தொட்டு, "வுடு அம்பிகா, வேற எடம் வராமயா போவும்" என்றாள். அம்பிகா ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அதற்காகத்தான் அழுகிறேன் என்று அவளிடம் சொல்லவும் செய்தாள்.